கப்பலுக்கும் ஜாதகம் பார்க்க வேண்டும்!

கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது நாம் என்னென்ன விசாரிக்கிறோம்! பையனுக்குச் சம்பளம் என்ன, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், வருங்கால மாமியாரின் சுபாவம் எப்படி, எதிர்வீட்டுக்காரரின் அபிப்பிராயம் என்ன என்று ஒன்று விடாமல் துருவுகிறோம். அப்புறம் ஜாதகம் வேறு. இத்தனைக்குப் பிறகும் தரகர் கொண்டுவந்த படத்தை வெளிச்சத்தில் வைத்து, கண் கொஞ்சம் மாறுகண்ணோ என்று பார்க்கிறோம்.

ஆனால் குழந்தை குட்டிகளோடு உல்லாசக் கப்பலில் போகலாம் என்று தீர்மானம் செய்தால் மட்டும், படத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறோம். "ஆகா, மேல்தட்டில் நீச்சல் குளம்! குளத்துக்கு மேலே சறுக்கு! அதற்கு மேலே இன்னொரு சறுக்கு!" அவ்வளவுதான், பணத்தைக் கட்டிவிடுகிறோம். இரண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமாக இருக்கும் அது. கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான், "அடடா, இதைக் கேட்கவில்லையே!" என்று தோன்றும். நடுக்கடலில் தோன்றி என்ன பயன்? பஸ்ஸாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம்.

ஆகவே, கப்பலுக்கும் பொருத்தம் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் சென்ற வருஷம் இப்படிப் பார்த்தோம். நாங்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், ஒன்பது வயதுப் பெண், மூன்று வயது நிரம்ப இரண்டு மாதம் குறைவான பிள்ளை, அறுபத்தெட்டு வயதான என் மாமியார். இந்த ஐவருக்கும் ஒரே கப்பல் பொருந்த வேண்டும் என்பது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதை, இதே மாதிரிக் குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

* * *

முதலில் பார்க்க வேண்டியது வயதுப் பொருத்தம்.

கப்பல் கம்பெனிகள் எல்லாம் குழந்தைகளை விரும்பி வரவேற்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். வர்ஜின் வாயேஜஸ், வைகிங் போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமே கிடையாது. குழந்தைகளின் சத்தம் கேட்காமல் நாலு நாள் இருக்க வேண்டும் என்று பணம் கொடுத்துப் போகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்! (அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

குழந்தைகளை ஏற்கும் கம்பெனிகளிலும், கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. மகா சமுத்திரத்தைக் கடக்கும் நீண்ட பயணமானால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். இது வெறும் கெடுபிடி அல்ல. கப்பலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. ஆனால் குழந்தைகள் ஆஸ்பத்திரி கிடையாது. நடுக்கடலில் நடுராத்திரியில் ஆறு வாரக் குழந்தைக்கு மூச்சு இளைத்தால் எங்கே கொண்டு ஓடுவது? அதே காரணத்தால், பயணத்தின்போது 24-ஆவது வாரத்தை எட்டிவிட்ட கர்ப்பிணிகளையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுக்கொள்வதில்லை. நாள் கணக்கைப் பயணம் தொடங்கும் தேதிக்கு மட்டும் பார்க்காமல், திரும்பி வந்து இறங்கும் தேதிக்கும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து வருகிறது, தாய்மார்கள் எல்லோரும் முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி: குழந்தைகளுக்கான கிளப் எந்த வயதிலிருந்து?

பெரிய கப்பல்களில் குழந்தைகளுக்கென்று தனி விளையாட்டு மண்டபம் இருக்கும். பயிற்சி பெற்ற சிப்பந்திகள் படம் வரையச் சொல்வார்கள், நாடகம் போடுவார்கள், கதை சொல்வார்கள். பகல் முழுவதும் பெரும்பாலும் இலவசம். இரவு 10 மணிக்குமேல் விட்டால் பல கப்பல்களில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆனால் வாசலில் வயது ஒரு காவல்காரனைப் போல நிற்கிறது. கார்னிவல் கம்பெனி இரண்டு வயதிலிருந்தே சேர்த்துக்கொள்கிறது. ராயல் கரீபியன், டிஸ்னி, நார்வீஜியன் ஆகியவற்றில் மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். வயது ஆகிவிட்டால் மட்டும் போதாது. ராயல் கரீபியனிலும் டிஸ்னியிலும் குழந்தைக்கு டயபர் பழக்கம் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுக்குக் குறைந்த குழந்தைகளுக்காக டிஸ்னி கப்பல்களிலும் ராயல் கரீபியனின் பல கப்பல்களிலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனிக் காப்பகம் உண்டு. நார்வீஜியனில் அந்த வயதுக் குழந்தை விளையாடலாம். ஆனால் தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் சின்னவனுக்கு இரண்டு மாதம் போதவில்லை. "இரண்டு மாதம்தானே, கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன?" என்று என் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். பஸ் கண்டக்டரிடம் குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகிய நாடல்லவா! ஆனால் கப்பலில் பாஸ்போர்ட்டே பேசுகிறது. அதோடு, அந்த விதி நம் குழந்தையின் சௌகரியத்துக்காகத்தான் இருக்கிறது. 'ஒன்றுக்கு வருகிறது' என்று அந்நிய பாஷையில் சொல்லத் தெரியாத குழந்தையை, இருபது குழந்தைகளுக்கு நடுவே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

* * *

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. அதை நீங்கள் கேட்க வேண்டும்.

"கிளப்பிலே சேர்த்துக்கமாட்டாங்கன்னா என்ன? அம்மாதான் வராங்களே, பார்த்துப்பாங்க" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வதை நிறுத்தினார்.

"இதோ பாருப்பா, இப்பவே சொல்லிடறேன். நான் பிள்ளை பார்க்க வரலை. கடல் பார்க்க வரேன். என்னை அந்தக் கணக்கிலே சேர்க்காதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. வாசகிகளே, நீங்களே சொல்லுங்கள். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறோம் என்றால் அது யாருடைய விடுமுறை? மலைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும், ஈரத்துணியை உலர்த்துவதும், 'பையன் எங்கே?' என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பதும் வீட்டில் செய்த அதே வேலைகள்தாம். இடம் மட்டும்தான் மாறுகிறது. தாய் ஓய்வெடுக்க வேண்டுமானால் பாட்டி வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை, யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

"அத்தை சொல்வது நியாயம்தானே?" என்றேன்.

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். அன்று மாலையே முறைப் பட்டியல் ஒன்று தயாராயிற்று. காலை ஆறு முதல் பதினொன்று வரை சின்னவன் அவர் பொறுப்பு. மத்தியானம் என் பொறுப்பு. மாலையில் ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். மாமியார் ஆசைப்பட்டால் கொஞ்சலாம். ஆனால் கடமை கிடையாது. டிக்கட் வாங்குமுன் இந்தப் பட்டியலைப் போட்டுவிடுங்கள் என்பதே என் முதல் சிபார்சு. எந்தக் கம்பெனியும் இதை உங்களுக்குப் போட்டுத் தராது.

* * *

இரண்டாவது, உருவப் பொருத்தம். பெரிய கப்பலா, சிறிய கப்பலா?

2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி ஸீஸ்' கப்பலின் மொத்த டன் அளவு 248,663. அதில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு தனிப் பேட்டை அமைத்திருக்கிறார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கார்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பல், 1990-ல் கட்டப்பட்டு ராயல் கரீபியனுக்காக ஓடியது; அதன் அளவு சுமார் 48,500 டன். ஐகானில் ஐந்தில் ஒரு பங்கு.

பெரியதுதான் சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய கப்பலில் விளையாட்டு அதிகம். அதே அளவுக்கு நடையும் அதிகம். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதே மயிலாப்பூர் நான்கு மாட வீதியைச் சுற்றி வருவது மாதிரி இருக்கும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள், தெரியும். எட்டு வயதுக்கு மேற்பட்ட துறுதுறுப்பான குழந்தைகளுக்குப் பெரிய கப்பல் சொர்க்கம். சறுக்கு, பாறை ஏறுதல் போன்றவற்றுக்கு உயர வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு அப்புறம் ஆசை காட்டுங்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரும் கரண்டியும் இருந்தால் சின்னக் கப்பலே போதும்.

உள்நாட்டோடு நிற்கும் பயணமாக இருந்தால் பாஸ்போர்ட் தொல்லை இல்லை. அரசாங்க அடையாள அட்டை போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு, 'கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா?' என்று சோதித்துப் பார்க்க இரண்டு இரவுப் பயணம் நல்ல வழி.

ஒத்துக்கொள்ளுதல் என்றதும் கடல் மயக்கம் நினைவுக்கு வருகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இது அதிகம். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேட்டு வாங்குங்கள். ஊஞ்சல் பலகையின் நுனி ஆடுகிற அளவுக்கு நடு ஆடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே! மாத்திரை வேண்டுமானால் புறப்படுமுன் குழந்தை டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறிக்கக் கூடாது.

* * *

மூன்றாவது, அறைப் பொருத்தம்.

கப்பல் அறை என்பது பெரும்பாலும் 160 முதல் 180 சதுர அடி. நம் வீட்டுப் படுக்கை அறையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள்ளேயே குளியலறையும் அடக்கம். கட்டிலுக்கு மேலே ரயில் பெர்த் மாதிரி மடித்து வைத்த படுக்கை இறங்கும். "நாலு பேர் தங்கலாம்" என்று கம்பெனி சொல்வது உண்மைதான். நாலு பேரும் ஒரே சமயத்தில் நின்றுகொண்டிருக்கலாம் என்று அது சொல்லவில்லை. டிஸ்னி கப்பல்களில் பெரும்பாலான அறைகளில் கழிப்பிடம் தனி, குளியல் தனி என்று பிரித்திருக்கிறார்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம்!

ஐந்து பேரான நாங்கள், நடுவே கதவு வைத்த இரட்டை அறை வேண்டும் என்று கேட்டோம். பால்கனி வேண்டுமா, ஜன்னல் போதுமா என்று ஏஜெண்டு கேட்டார். எங்கள் சின்னவன் ஏறாத இடம் கிடையாது. நாற்காலி கிடைத்தால் பீரோ மேலே இருப்பான். ஆகவே, திறக்க முடியாத ஜன்னலே போதும் என்று சொல்லிவிட்டேன். பெரியவளுக்குக் கொஞ்சம் வருத்தம். இருக்கட்டும்.

அமெரிக்காவில் 2010-ல் இயற்றிய சட்டப்படி, அந்நாட்டுத் துறைமுகங்களில் பிரயாணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களில் கைப்பிடிச் சுவர் 42 அங்குலமாவது இருக்க வேண்டும். அதாவது மூன்றரை அடி. தரையில் நிற்கும் குழந்தைக்கு அது கோட்டை. நாற்காலி மேல் நிற்கும் குழந்தைக்கு அது வாசற்படி. பால்கனி எடுத்தால் நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டு, கதவை மேல் தாழ்ப்பாள் போட்டு வையுங்கள்.

* * *

நான்காவது, ஆயுள் பொருத்தம். இது ஒன்று சரியில்லை என்றால் மற்றது எல்லாம் சரியாயிருந்தும் வேண்டாம்.

1912-ல் டைட்டானிக் முழுகிய பிறகுதான், கடலில் மனித உயிரைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் 1914-ல் எழுதப்பட்டது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? 2012-ல் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலேறிய பிரயாணிகளுக்கு, ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்பது என்ற ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்பது 2015 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

அந்த ஒத்திகை நேரத்தில் காபி குடிக்கப் போய்விடாதீர்கள். 'குழந்தைக்கு அளவான உயிர்காப்புச் சட்டை எங்கே?' என்று சிப்பந்தியிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். கூடும் இடத்தின் எண் எழுதிய கைப்பட்டையைக் குழந்தைகளுக்குக் கட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. குழந்தை கிளப்பில் இருக்கும்போது மணி அடித்தால் யார் குழந்தையைக் கொண்டுவருவார்கள் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். கிளப்பிலிருந்து குழந்தையை அழைத்துப்போக ரகசியச் சொல் கேட்கிறார்களா, கையெழுத்து வாங்குகிறார்களா என்பதும் முக்கியம்.

நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் உண்டா? கப்பல்களில் நெடுங்காலம் இந்த வழக்கம் அபூர்வமாகவே இருந்தது. ராயல் கரீபியன் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் வைக்கப்போவதாக அறிவித்ததே 2017-ல்தான். இல்லாத கப்பல்கள் இன்றும் இருக்கின்றன. இருந்தாலும், அவருடைய கண் நம்முடைய கண்ணுக்குப் பதில் ஆகாது. டயபர் கட்டிய குழந்தைகளைப் பொதுவாகப் பெரிய குளத்தில் இறக்க விடமாட்டார்கள். அவர்களுக்கென்று தனி நீர்த் தொட்டி உள்ள கப்பலா என்று கேளுங்கள்.

சுத்தம்? அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதார இலாகா திடீர்ச் சோதனை போட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் கொடுத்து வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் பெயில்! நம் பக்கத்துக் கப்பல்கள் எல்லாம் அந்தப் பரீட்சைக்குப் போவதில்லை. ஆனாலும் அதே கம்பெனியின் மற்றக் கப்பல்கள் என்ன மார்க் வாங்கின என்று பார்க்கலாமே. அக்காளைப் பார்த்துத் தங்கையை நிச்சயம் செய்கிற வழக்கம் நம்மிடம் உண்டுதானே! கப்பலில் வாந்திபேதி பரப்பும் நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் மருந்துத் திரவம் அதிகமாகப் பயப்படுவதில்லை. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பதற்குத்தான் பயப்படுகிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் குழந்தையின் கையைக் கழுவுங்கள்.

* * *

ஐந்தாவது, வயிற்றுப் பொருத்தம்.

ரைஸ் குக்கரையும் எலெக்ட்ரிக் கெட்டிலையும் பெட்டியில் வைக்கும் உத்தேசம் இருந்தால் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். தீ பயத்தினால் சூடேற்றும் சாதனம் எதையும் அறைக்குள் அனுமதிக்கமாட்டார்கள். வீட்டில் சமைத்த புளியோதரைக்கும் பல கம்பெனிகளில் தடை. குழந்தைக்கான மூடி பிரிக்காத உணவுப் பொட்டலங்களையும் பால் மாவையும் கொண்டுபோகலாம். டயபரையும் தேவைக்கு மேலேயே கொண்டுபோங்கள், கப்பல் கடையில் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

'சைவம் கிடைக்குமா?' என்று மட்டும் கேட்டால் 'கிடைக்கும்' என்பார்கள். மேல்நாட்டுச் சமையல்காரருக்குச் சைவம் என்றால் ஒரு தட்டு இலைதழையாகவும் இருக்கலாம். 'இந்தியச் சைவச் சமையல் உண்டா? தினமும் உண்டா? முட்டை சேராததா? தயிர் உண்டா?' என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். பால், வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத குழந்தையானால் டிக்கட் எடுக்கும்போதே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். ஏறின பிறகு பரிமாறுகிறவரிடமும் முதல் வேளையிலேயே சொல்லுங்கள்.

ஆறாவது, பணப் பொருத்தம். விளம்பரத்தில் போடும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பது. அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆளாகக் குழந்தைகள் படுத்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். சில பருவங்களில் கட்டணமே வாங்காத கம்பெனிகளும் உண்டு. ஆனால் துறைமுக வரி கைக்குழந்தைக்கும் உண்டு. சிப்பந்திகளுக்கான இனாம் நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் குழந்தைகள் பேரிலும் சேர்கிறது. கரைச் சுற்றுலா, இன்டர்நெட், குளிர்பானம் எல்லாம் தனி. எல்லாவற்றையும் கூட்டிய தொகையை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுங்கள். கப்பலில் ரொக்கம் கிடையாது, அட்டைதான். குழந்தையின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி முதல் நாளே அடைத்துவிடச் சொல்லுங்கள். விளையாட்டு இயந்திரங்கள் குழந்தைகளின் அட்டையைக் கரும்புச் சாறு பிழிவது போலப் பிழிந்துவிடும்.

வெளிநாடு என்றால், குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்கு 10 வருஷம் செல்வது, குழந்தைகளுக்கு 5 வருஷம்தான். ஆகவே 'இருக்கிறது' என்று நினைத்த பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் பயணமானால், திரும்பி நுழையும்போதும் விசா செல்ல வேண்டும்.

* * *

இத்தனையும் பார்த்த பிறகு எங்கள் கையில் இரண்டு பயணங்கள் மிஞ்சின. இரண்டும் சிங்கப்பூரிலிருந்து. ஒன்று, சறுக்குகள் நிறைந்த பெரிய கப்பல். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும். மற்றது, விளையாட்டுகள் குறைந்த கப்பல். ஆனால் பினாங்கில் நிற்கும்.

பெரியவள் முதல் கப்பலுக்கு ஓட்டுப் போட்டாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்:

"நான் பொறந்தது பினாங்கும்மா. ஒன்பது வயசிலே ரஜூலா கப்பல்லே நாகப்பட்டினம் வந்தோம். அப்புறம் போகவே இல்லை."

ரஜூலாவை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அறிந்திருப்பார்கள். 1926-ல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை நம்மவர்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்த வழி நின்றுபோயிற்று. மாமியாரின் குடும்பம் 1966-ல் மேல்தட்டுப் பிரயாணிகளாக வந்தது. பாயை விரித்த இடம்தான் அறை.

"தம்பிக்கு நாலு வயசு. ஓடிட்டே இருப்பான். எங்கம்மா முந்தானையை அவன் இடுப்பிலே கட்டி முடிச்சுப் போட்டுட்டாங்க. நாகப்பட்டினம் வர்ற வரைக்கும் அம்மா ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கலை."

மறுநாள் காலையில் பெரியவளை உட்கார வைத்து இதைச் சொன்னேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு நியாயம் நன்றாகப் புரியும், சொல்கிறவர்கள் சொன்னால். கொஞ்ச நேரம் யோசித்தாள். "பினாங்குக் கப்பல்லே ஒரு சறுக்காவது இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. ஓட்டு மாறிவிட்டது.

மூன்று இரவுப் பயணம். முறைப் பட்டியல் கடைசி வரை நின்றது. இரண்டாம் நாள் காலை, சின்னவனைத் தூக்கிக்கொண்டு என் கணவர் மேல்தட்டுக்குப் போய்விட, நான் ஒன்பதரை மணி வரை தூங்கினேன். கல்யாணமான பிறகு இப்படித் தூங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி, 1833-ல் கட்டிய குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மாமியார் பிறந்த வீடு எந்தத் தெரு என்று அவருக்கு நினைவில்லை. "தேட வேண்டாம். ஊர் இருக்கே, போதும்" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசலில் வெகு நேரம் நின்றார். பேரனின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அவராகவே பிடித்துக்கொண்டார்.

நீங்களும் கப்பல் பார்க்கப் போகிறீர்களா? கம்பெனிக்காரர் காட்டும் படங்களை ஒருபுறம் வையுங்கள். ஒரு தாளை எடுத்து, போகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே, 'இவருக்கு இந்தப் பயணத்தில் என்ன வேண்டும்?' என்று கேட்டு எழுதுங்கள். பாட்டியின் பெயரை விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரை எழுத மறந்துவிட்டீர்களா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறந்துதான் இருப்பீர்கள்!